மோட்டார் கொட்டாயில் சார்ஜ் ஏறிய கார்

1

அன்று காலை பத்தரை மணிக்கு எங்கள் கிணற்று மோட்டார் கொட்டாய் முன்னால் நின்றவர்கள் நான்கு பேர். அப்பா, தம்பி சக்திவேல், மின்வாரியத்திலிருந்து வந்த பெண் உதவிப் பொறியாளர், அவருடன் வந்த வயர்மேன். பக்கத்தில் எங்கள் கார் நின்று சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. அம்மா அங்கே இல்லை. தக்காளி கிரேட்டுப் பெட்டிகளோடு மாரண்டஹள்ளி மண்டிக்குப் போயிருந்தாள். நானும் இல்லை. நான் இருப்பது ஜெர்மனியில், ஒரு சிறிய ஊரில். ஆனால் என் பேச்சு அங்கே வந்துவிட்டது. எடுத்துக் கொடுத்தவர் அப்பா.

பொறியாளர் சுவரிலிருந்த புது சாக்கெட்டைக் காட்டி, "இதை யாருங்க போட்டது?" என்று கேட்டிருக்கிறார்.

"எங்க பெரிய பையன் சொல்லித்தானுங்க போட்டோம். ஜெர்மனியில இன்ஜினியருங்க. அவன் சொன்னா செரியா இருக்குமுங்க" என்றாராம் அப்பா. சிரித்த முகத்தோடு சொன்னதாக சக்தி சொன்னான்.

வயர்மேனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "ஏனுங்க பெரியவரே, இதுக்கு ஜெர்மனி வரைக்கும் கேட்டீங்களே, நாலு கிலோமீட்டர்ல இருக்கிற எங்கள ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"ப்பா, நீ சும்மா இரு" என்று சக்தி அப்பாவின் கையைப் பிடித்தபோதுதான் ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று அப்பாவுக்குப் புரிந்திருக்கிறது. உடனே செருப்பைக் கழற்றிவிட்டாராம். சொந்த நிலத்தில், கொதிக்கிற மாசி வெயிலில்.

அப்போது எனக்கு விடிகாலை ஆறு மணி. அடுக்குமாடி வீட்டின் நிலவறைக் கார் நிறுத்தத்தில் என் காரின் சார்ஜ் வயரைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது.

"அண்ணா, ஃபியூஸப் புடுங்கிட்டுப் போயிட்டாங்க."

நான் முதலில் கேட்டது இது: "யாருக்கும் ஷாக் அடிக்கலியேடா?"

"ஷாக்கா? கரண்டே இல்லண்ணா. அப்பறம் எங்கத்த ஷாக்கு?"

வயர் கையிலேயே இருந்தது. அதை மாட்டுவதா கீழே போடுவதா என்று தெரியவில்லை.

2

காரை வாங்கிக் கொடுத்தவன் நான். சக்தி ஐ.டி.ஐ. முடித்து ஓசூரில் மூன்று கம்பெனி மாறிவிட்டான். "சொந்தமா ஒரு வண்டி இருந்தா போதும்ணா. நம்மூர்ல இருந்து ஓசூர் ஆஸ்பத்திரிக்குப் போற ஆளுங்களே வாரத்துக்கு நாலு பேரு இருக்காங்க" என்றான். மின்சாரக் கார் என்று முடிவு செய்தவனும் நான்தான். பெட்ரோல் கார் என்றால் கிலோமீட்டருக்கு ஆறு ரூபாய் எண்ணெய்க்கே போய்விடும். வீட்டு மின்சாரத்தில் சார்ஜ் போட்டால் ஒன்றேகால் ரூபாய்க்குள் அடங்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன்.

அந்தக் கணக்கை இருவரும் போனில் திறக்கும்படி ஓர் அட்டவணையாகச் செய்து வைத்தேன். தேதி, ஓடிய கிலோமீட்டர், ஏறிய யூனிட், ஒரு யூனிட்டின் விலை, கிலோமீட்டருக்கு ஆன செலவு. வீட்டு மின்கட்டணத்தில் யூனிட் ஏற ஏற விலையும் ஏறும் என்பதால் விலைக் கட்டத்தை மட்டும் சக்தியே நிரப்பட்டும் என்று விட்டிருந்தேன்.

இரண்டாம் வாரம் ஒரு சனிக்கிழமை அவன் அழைத்தான்.

"வூட்டு லைன்ல வோல்டேஜ் நிக்க மாட்டேங்குதுண்ணா. அம்மா மிக்ஸி போட்டா வண்டி சார்ஜ் கட்டாவுது. மோட்டார் கொட்டாயில போட்டுக்கலாமா?"

நான் கடையில் பணம் கட்டும் வரிசையில் நின்றிருந்தேன். பிறகு சொல்கிறேன் என்று வைத்துவிட்டு, வெளியே வந்ததும் குரல்பதிவு ஒன்று அனுப்பினேன். இப்போதும் அது போனில் இருக்கிறது. ஒரு நிமிடம் நாற்பது வினாடி.

"தாராளமா போடலாம்டா. ஒரு ஃபேஸும் நியூட்ரலும் எடு. இருபது ஆம்பியர் எம்.சி.பி. சுவிட்ச் போடு. எர்த்து தனியா எறக்கு, கரியும் உப்பும் போட்டுப் பொதை. ஈரக் கையோட தொடாத. அப்பாவக் கிட்டயே வுடாத..."

எவருக்கும் உயிராபத்து வரக் கூடாது என்று எவ்வளவோ சொல்லியிருக்கிறேன். அது எந்த மின்சாரம் என்பதைப் பற்றி ஒரு சொல் இல்லை. மோட்டார் கொட்டாய்க்கு வருவது விவசாயத்துக்குக் கொடுத்த இலவச மின்சாரம். அதில் தண்ணீர் இறைக்கலாம், வாடகைக்கு ஓடும் காரை ஓட்டக் கூடாது. எங்கள் ஊரில் இது தெரியாதவர் கிடையாது. எனக்கும் தெரியும்.

அடுத்த திங்கட்கிழமை அட்டவணையைத் திறந்தேன். ஒரு யூனிட்டின் விலை என்ற கட்டத்தில் சக்தி பூஜ்யம் போட்டிருந்தான். கிலோமீட்டருக்கு ஆன செலவும் தானாகவே பூஜ்யமாகியிருந்தது. கீழே "எப்பிடிண்ணா?" என்று கேட்டிருந்தான்.

பதிலுக்குக் கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பினேன்.

இப்படி எழுபத்தாறு நாள் போனது. காலைச் சவாரி முடித்து வந்து கொட்டாயில் நிறுத்தினால் மாலைக்குள் ஏறிவிடும். டிரான்ஸ்ஃபார்மரில் ஒரு ஃபேஸின் ஃபியூஸ் மட்டும் அடிக்கடி போக ஆரம்பித்தது. மூன்றாம் முறை போனபோது, ஒரே ஃபேஸில் இத்தனை லோடு எங்கே என்று கம்பியைத் தொடர்ந்து வந்தவர்கள் எங்கள் காரிடம் வந்து நின்றார்கள்.

3

அந்த மின் இணைப்புக்கு அப்பா விண்ணப்பம் போட்டபோது நான் நான்காம் வகுப்பு. அதுவரை எங்கள் கிணற்றில் டீசல் இன்ஜின்தான். அம்மா பாலக்கோட்டிலிருந்து கேனில் டீசல் வாங்கிப் பஸ்ஸில் வருவாள். வாசனை வருகிறது என்று கண்டக்டர் பாதி வழியில் இறக்கிவிட்ட நாட்களும் உண்டு.

எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். அதனால் வருகிற கடிதமெல்லாம் என் கைக்கு வரும். மின்வாரியத்திலிருந்து ஒரு கார்டு வந்தது. அப்பா எதிரே நின்றார். நான் படித்து முடிக்கும்வரை அவர் உட்கார மாட்டார். 'தங்கள் விண்ணப்பம் நிலுவையில் உள்ளது' என்றிருந்தது. நிலுவை என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிப் படிக்க வைத்தவர்கள் எதிரே நிற்கும்போது அந்தச் சொல் வராது.

"சீக்கிரம் வந்துடுமாம்ப்பா" என்றேன்.

அப்பா அன்று ஊரெல்லாம் சொன்னார். இணைப்பு வந்தது நான் பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது. ஹாஸ்டலுக்குப் போன் செய்து, ஒன்றும் பேசாமல், தண்ணீர் விழுகிற தொட்டிப் பக்கம் போனை நீட்டினார். நெடுநேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

4

மறுநாள் மின்வாரியம் கொடுத்த நோட்டீஸைப் படமெடுத்து சக்தி அனுப்பினான். ஏழு நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும். இலவச இணைப்பை ஏன் ரத்து செய்யக் கூடாது என்பதற்குக் காரணம் காட்ட வேண்டும். கூடவே ஒரு தற்காலிகக் கணக்கு. அவர்கள் கேட்டபோது சக்தி பயத்தில், "ஒரு நாளைக்குப் பன்னெண்டு யூனிட் ஆவுதுங்க" என்று அட்டவணையில் பார்த்த சராசரியை அப்படியே ஒப்பித்திருக்கிறான். எப்போதிலிருந்து என்பதற்கு ஆதாரம் இல்லாததால் ஓர் ஆண்டு முழுதும் என்று வைத்து, யூனிட்டுக்கு அபராதத்தோடு இருபது ரூபாய் வீதம் எண்பத்தேழாயிரத்து அறுநூறு போட்டிருந்தார்கள். சட்டப்படி சரியான கணக்கு. நானே இரண்டு முறை பெருக்கிப் பார்த்தேன்.

அப்பா பணத்தைப் பற்றிக் கேட்கவில்லை. போனில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"லைன் போயிடுமாடா?"

"போவாதுப்பா" என்றேன். அதுவும் தெரியாமல் சொன்னதுதான். பணத்தை நான் அனுப்பிவிட முடியும். இணைப்பு ரத்தானால் மறுபடி வரிசையின் வாலில் போய் நிற்க வேண்டும். அப்பாவுக்கு அறுபத்து மூன்று வயது.

எனக்கு வேறொரு பயமும் இருந்தது. இங்கே அரசாங்கக் கடிதங்களில் சில மஞ்சள் உறையில் வரும். தபால்காரர் கொண்டுவந்த தேதியை உறையின் மேலேயே எழுதிவிட்டுப் போவார். இங்கே வந்து எட்டு ஆண்டாகியும், மஞ்சள் நிறத்தில் விளம்பரத்தாள் கிடந்தால்கூட மேலே தேதி இருக்கிறதா என்று முதலில் திருப்பிப் பார்ப்பேன். போதாததற்கு, நிரந்தரமாகத் தங்குவதற்கான எங்கள் விண்ணப்பம் அப்போது வெளிநாட்டவர் அலுவலகத்தில் இருந்தது. உங்கள் மேல் எந்த நாட்டிலாவது விசாரணை நிலுவையில் உள்ளதா என்று அதில் ஒரு கேள்வி. இல்லை என்று குறியிட்டிருந்தேன். இந்த முறை அந்தச் சொல்லுக்குப் பொருள் நன்றாகத் தெரியும்.

சக்தி அதை எப்படியோ ஊகித்துவிட்டான். "உன் பேரு எங்கயும் வேணாம்ணா. நானாத்தான் போட்டேன்னு எழுதிக் குடுத்துடறேன். அப்பா பேசுனத அந்தம்மா எழுதிக்கல. நா பாத்தேன்."

"செரிடா" என்றேன். யோசிக்காமல், மூச்சு விடுவதற்குள் சொன்னேன். போனை வைத்த பிறகு, எவ்வளவு வேகமாகச் சொல்லிவிட்டேன் என்று எனக்கே பயமாக இருந்தது.

என் மனைவி பவித்ரா கேட்டாள். "சக்தி மாட்டிக்கிட்டா மட்டும் பரவால்லயா?"

"லைசென்ஸ் போயிடாது. அபராதம்தான். நான் கட்டிடறேன்."

"அது இல்ல நான் கேட்டது."

நான் கார் நிறுத்தத்துக்கு இறங்கிப் போனேன். அங்கே என் இடத்துச் சுவரில் இருக்கிற சாக்கெட்டைப் போட அனுமதி வாங்க ஏழு மாதம் ஆனது. வீட்டு நிர்வாகத்துக்கு ஐந்து கடிதம் எழுதினேன். எந்த மீட்டரில் ஓடும், யார் கட்டுவது, பொது மின்சாரம் ஒரு யூனிட்கூடக் கலக்காது என்பதற்கு என்ன உறுதி என்று அவர்கள் கேட்டதற்கெல்லாம் அகராதியைப் பார்த்துப் பதில் எழுதினேன். ஓர் எழுத்து பிசகினாலும் அவமானம் என்று அத்தனை பயம். என் அப்பாவின் லைனுக்கு ஒரு குரல்பதிவு போதும் என்று நினைத்திருக்கிறேன்.

இன்னொன்றும் இருந்தது. ஓர் ஆண்டு அல்ல, எழுபத்தாறு நாள்தான் என்று நிரூபிக்க ஒரே வழி, காரின் சார்ஜ் பதிவு. எந்த நாள், எந்த நேரம், எத்தனை யூனிட் என்று கார் தானே எழுதி வைக்கும். அந்தப் பதிவு என் பெயரில், என் மின்னஞ்சலில் இருக்கிறது. அதை நான் எடுத்துக் கொடுத்தால் என் பெயர் வரும். கொடுக்காவிட்டால் வேண்டுமென்றே ஆண்டுக்கணக்கில் எடுத்தவர்கள் ஆகிவிடுவோம். அப்படிப்பட்டவர்களுக்கு இணைப்பை யார் விட்டுவைப்பார்கள்?

இது தெரிந்தும் இரண்டு நாள் கடத்தினேன். அந்த இரண்டு நாளும் சக்தி, தண்ணீர் இல்லாமல் வாடும் தக்காளித் தோட்டத்தைப் படமெடுத்து அனுப்பினான். படத்துக்குக் கீழே ஒன்றும் எழுதவில்லை.

5

ஞாயிற்றுக்கிழமை காலையில் மேசையில் உட்கார்ந்து வெள்ளைத்தாளில் எழுத ஆரம்பித்தேன். கையால் தமிழ் எழுதிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இரண்டு தாள் கிழித்தேன். மகள் யாழினிக்கு ஐந்து வயது. நாற்காலியில் ஏறி நின்று பார்த்தாள்.

"அப்பா, நீ படம் வரையுற?"

"இல்லம்மா, எழுதறேன். தமிழ்."

அவளுக்கு அது வியப்பாக இருந்தது. தமிழைப் பேசத்தான் முடியும் என்று நினைத்திருந்தாள் போல. "யாருக்கு?"

"ஊர்ல தாத்தாவுக்கு ஷ்ட்ரோம் போச்சு. திருப்பிக் குடுங்கன்னு கேக்கறேன்." கரண்ட் என்றால் அவளுக்குப் புரியாது என்று ஜெர்மன் சொல்லையே போட்டேன்.

"தாத்தா காசு கட்டலையா?"

"அப்பா கட்டலை" என்றேன்.

அவள் இறங்கிப் போய்விட்டாள். நான் தொடர்ந்து எழுதினேன். மேற்படி இணைப்பில் கார் சார்ஜ் செய்யச் சொன்னது நான். எழுத்தறியாத என் தந்தைக்கும் என் சொல்லை நம்பிய தம்பிக்கும் இதில் பொறுப்பில்லை. அறியாமையால் நேர்ந்த பிழையைப் பொறுத்தருள வேண்டும். கையெழுத்து, முழுப்பெயர், இங்குள்ள முகவரி. சார்ஜ் பதிவை நாள்வாரியாக எடுத்துச் சேர்த்தேன். கடிதத்தையும் படமெடுத்து சக்திக்கு அனுப்பினேன்.

"நெசமாவே இத குடுத்துடட்டுமாண்ணா?" என்று சக்தி கேட்டான்.

"குடுத்துடு. நான் மனசு மாறறதுக்குள்ள குடுத்துடு."

6

பாலக்கோடு அலுவலகத்துக்கு அப்பாவும் சக்தியும் போனார்கள். நான் வேலையிடத்தில் படிக்கட்டுப் பக்கம் நின்றிருந்தேன். உட்காரச் சொல்லியும் அப்பா உட்காரவில்லையாம். அந்தப் பொறியாளர் கடிதத்தைப் படித்துவிட்டு, என்னோடு பேச வேண்டும் என்றிருக்கிறார். சக்தி போனைப் போட்டுக் கொடுத்தான்.

"நீங்கதான் இத எழுதுனீங்களா?"

"ஆமாங்க மேடம்."

"கொட்டாயில போடறதுக்கு முன்னாடி எங்க சார்ஜ் போட்டீங்க?"

"வூட்லங்க. அதுவும் அந்தப் பதிவுல இருக்குதுங்க. இடம் மாறுன தேதியும் தெரியுங்க."

தாள் புரளும் சத்தம் கேட்டது. அவருக்கு என் வயதுதான் இருக்கும். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு அதிகப் பயம்.

"எர்த்து, எம்.சி.பி. எல்லாம் ஒழுங்கா போட்டிருக்கீங்க. எங்காளே பாத்துட்டு நல்லா பண்ணியிருக்காங்கன்னாரு. கடுதாசில அறியாமையாலன்னு எழுதியிருக்கீங்க. அது விவசாய லைனுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"அப்போ... தோணலைங்க மேடம்."

"தோணலையா? கேக்கலையா?"

படிக்கட்டில் யாரோ ஏறி வந்தார்கள். வழிவிட்டு ஒதுங்கினேன். தோணலை என்று மறுபடி சொன்னால் அவர் விட்டுவிடுவார் என்று தெரிந்தது. அதைத்தான் என் நாக்கு தேடிக்கொண்டிருந்தது.

"தெரியுங்க மேடம். கேக்கலைங்க."

அந்தப் பக்கம் ஒருவர் இருமினார். அப்பாவின் இருமல். போன் ஸ்பீக்கரில் இருந்திருக்கிறது. நான் சொன்னதை அவர் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்.

"அப்ப அந்த அறியாமைய அடிச்சுட்டு வேற எழுதி அனுப்புங்க" என்றார் பொறியாளர். "பதிவ வெச்சுக்கறேன்" என்று சொல்லி போனை சக்தியிடம் கொடுத்துவிட்டார்.

அன்று மாலை முழுவதும் நான்தான் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். இரண்டாம் முறையும் தோணலை என்று சொல்லியிருந்தால் லைன் பிழைத்திருக்குமே என்று பவித்ராவிடம் நூறு முறை புலம்பினேன்.

பதினோராம் நாள் ஃபியூஸைத் திருப்பிப் போட்டார்கள். எழுபத்தாறு நாளுக்கு மட்டும் கணக்கு. இன்னொரு முறை நடந்தால் இணைப்பு நிரந்தரமாக ரத்து என்று அப்பாவிடம் உறுதிமொழி வாங்கிக்கொண்டார்கள். கட்டைவிரல் ரேகை வைத்துவிட்டு வந்தார். சாக்கெட்டை வயர்மேனே கழற்றினார். "பத்திரமா வெய்யிங்க பெரியவரே, மீட்டர் வாங்குனா இதையே மாட்டிக்கலாம்" என்று சக்தியின் கையில் கொடுத்தாராம்.

எனக்கு இன்னும் பயம் விடவில்லை. என் பெயரும் முகவரியும் உள்ள கடிதம் பாலக்கோட்டில் ஒரு கோப்பில் இருக்கிறது. இங்கே என் விண்ணப்பம் ஒரு கோப்பில் இருக்கிறது. நடந்ததை எழுதி அதோடு சேர்க்கும்படி நானே அனுப்பிவிட்டேன். பதில் வரவில்லை. தினமும் மாலையில் தபால்பெட்டியைத் திறக்கும்முன் இடுக்கு வழியாக மஞ்சள் தெரிகிறதா என்று குனிந்து பார்க்கிறேன்.

7

அப்பா ஒரு வாரம் கழித்துத்தான் அழைத்தார். அவராகவே என்னை அழைப்பது அபூர்வம்.

"அந்தப் பொண்ணு கேட்டதுக்கு ஒண்ணு சொன்னியே, அது நெசமா? இல்ல தம்பியக் காப்பாத்தச் சொன்னியா?"

"நெசம்ப்பா."

மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. அவர் கொட்டாய்ப் பக்கம்தான் இருந்தார்.

"தெரியல, கேட்டுச் சொல்றேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானே ஆபீசுக்குப் போயிக் கேட்டிருப்பனேடா. அவ்ளோ தூரத்துல இருக்கிற உன்னையே கேட்டுக்கினு இருந்தமே."

போனோடு மேசையில் போய் உட்கார்ந்தேன்.

"செரி வுடு. மொத்தம் எவ்ளோ ஆச்சுன்னு சேத்துப் போடு. தக்காளியயும் சேத்துக்க. உங்கம்மா எண்ணி வெச்சிருக்கா, எம்பத்தெட்டு கிரேட்டு போச்சாம். அன்னிக்கு மண்டி வெல முந்நூத்திப் பத்து."

அட்டவணையைத் திறந்தேன். அந்த எழுபத்தாறு நாளில் ஓடியது ஆறாயிரத்து முந்நூற்று எண்பத்து நான்கு கிலோமீட்டர். ஏறியது தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு யூனிட். கட்டியது பதினெட்டாயிரத்து இருநூற்று நாற்பது ரூபாய். மறு இணைப்புக்கு நானூற்று அறுபது. காய்ந்துபோன தக்காளி இருபத்தேழாயிரத்து இருநூற்று எண்பது. சக்தி வைத்திருந்த பூஜ்யத்தை அழித்துவிட்டு, ஒரு யூனிட்டின் விலை ஐம்பது ரூபாய் நாற்பத்திரண்டு காசு என்று போட்டேன். கிலோமீட்டருக்கு ஏழு ரூபாய் இருபது காசு வந்தது. பெட்ரோலைவிட அதிகம்.

"சொல்லு" என்றார் அப்பா. மோட்டாரை நிறுத்திவிட்டிருந்தார். நான் சிறு வயதில் கார்டைப் படித்தபோது போலவே, உட்காராமல் நின்றுகொண்டுதான் கேட்டிருப்பார்.

படித்துச் சொன்னேன்: நாற்பத்தைந்தாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது ரூபாய்.